மட்டக்களப்பில் வாடகைக்கு விட்ட வீடு: கட்டடத் தேய்வை வரியில் கழிக்கலாமா?

கல்லடி டீச்சர்

வணக்கம். கல்லடியில் கடற்கரைப் பக்கமாக எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு 2006இல் கட்டியது. ஓட்டுக் கூரை, உறுதி (சொத்துப் பத்திரம்) என் பெயரில். மாதம் 40,000 ரூபாய்க்கு விட்டிருக்கிறேன். விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிப்பிக்கும் ஒருவர் குடும்பத்தோடு இருக்கிறார். எனக்குச் சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் 125,000 வரும்.

மெல்பேர்னில் இருக்கும் அக்கா அங்கே ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறா. கட்டடம் வருடா வருடம் தேய்கிறது என்று காட்டி வரியில் நல்ல தொகை கழிக்கிறா. "நீயும் கணக்காளர் ஒருவரைப் பிடி, சும்மா விடாதே" என்று கதைக்கும்போதெல்லாம் சொல்கிறா. இங்கே அப்படிக் கழிக்க இடம் இருக்கிறதா?

இன்னொன்று. கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. மேல்தளம் எடுப்பதா, இருக்கிற வீட்டைத் திருத்துவதா, கல்முனைப் பக்கம் வேறொரு வளவு பார்ப்பதா என்று வீட்டில் ஒரே கதை. வரியைப் பார்த்து முடிவெடுப்பது நல்லதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேரேடு

டீச்சர், அக்கா சொல்வது அவுஸ்திரேலியாவுக்குச் சரி. இங்கே சட்டம் வேறு மாதிரி.

எங்களுக்குப் பொருந்துவது 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம். தனி ஆள் ஒருவர் குடியிருப்பு வீட்டை வாடகைக்கு விட்டால் அது முதலீட்டு வருமானம். கட்டடத்தின் விலையை ஆண்டுகளுக்குப் பிரித்துத் தேய்வாகக் கழிக்கும் முறை வியாபாரத்தில் பயன்படும் சொத்துகளுக்குத்தான். உங்கள் வீட்டுக்கு அது கிடையாது.

அதற்குப் பதிலாக, மொத்த வாடகையில் 25 வீதத்தை அப்படியே கழிக்க விடுகிறார்கள். திருத்தம், பராமரிப்பு, பெறுமானத் தேய்வு மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 25 வீதம். பில் காட்டத் தேவையில்லை. வீடு 1980இல் கட்டியதோ போன வருடம் கட்டியதோ, எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு. உண்மையில் செலவழித்த தொகையைக் காட்டிக் கழிக்கிறேன் என்றால் இந்த 25 வீதம் கிடைக்காது. இரண்டில் ஒன்றுதான்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சம்பளம் ஆண்டுக்கு 1,500,000. வாடகை 480,000. அதில் 25 வீதம் 120,000 போக 360,000. மொத்தம் 1,860,000. 2025 ஏப்ரல் முதல் தனிநபர் விலக்கு, அதாவது வரி இல்லாத தொகை, 1,800,000. மிச்சம் 60,000க்கு முதல் படியான 6 வீதத்தில் வரி 3,600 ரூபாய். ஆண்டு முழுவதற்கும் அவ்வளவுதான்.

அந்த 25 வீதமே இல்லாவிட்டாலும் 10,800தான் வரும். ஆகவே உங்கள் இடத்தில் இருப்பவருக்கு வரி ஒரு சின்னக் கணக்கு. வீட்டைப் பற்றிய முடிவை அதன் கையில் கொடுக்காதீர்கள்.

வாவிக்கரை

பேரேடு ஐயா, டீச்சருக்குச் சின்னக் கணக்கு, சரி. என் தம்பி போதனா வைத்தியசாலையில் டொக்டர். தனியார் கிளினிக்கும் இருக்கிறது. அரசடியில் ஒரு வீடு, வாடகை 60,000. அவருக்கு?

பேரேடு

தம்பியின் வருமானம் ஏற்கெனவே மேல் படியில் இருக்கும். 2025/26இல் விலக்குப் போக முதல் பத்து லட்சத்துக்கு 6 வீதம், பிறகு ஒவ்வொரு ஐந்து லட்சத்துக்கும் 18, 24, 30, அதற்கு மேலே எல்லாம் 36 வீதம். அவருடைய ஆண்டு வாடகை 720,000. 25 வீதம் போக 540,000. அதற்கு 36 வீதம் என்றால் 194,400 ரூபாய். அவருக்கு ஒவ்வொரு பில்லும் காசு.

ஒரு வருடம் கூரை முழுக்க ஓடு மாற்றி, மரம் மாற்றி 310,000 செலவானது என்று வைப்போம். டீச்சர் 25 வீதத்தை விட்டு உண்மைச் செலவைக் காட்டினால் அவருடைய 3,600 வரி இல்லாமல் போகும், அவ்வளவுதான். தம்பி அதையே செய்தால் 180,000க்குப் பதில் 310,000 கழியும். கூடுதலாகக் கழிகிற 130,000க்கு 36 வீதம், அதாவது 46,800 ரூபாய் மிச்சம்.

அதனால் வருடம் முடியும்போது இரண்டு வழியிலும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மதிப்பாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. பெரிய திருத்த வேலைகளைப் பாதி மார்ச்சிலும் பாதி ஏப்ரலிலும் செய்தால் இரண்டு வருடத்திலும் செலவு 25 வீதத்துக்குக் கீழே நின்றுவிடலாம். ஒரே மதிப்பாண்டுக்குள் முடித்தால்தான் உண்மைச் செலவு வழி பலன் தரும்.

ஓடு உடைந்து ஓடு மாற்றுவது திருத்தம். ஓட்டுக் கூரையைக் கழற்றிவிட்டு கொங்கிரீட் பிளேட் (தட்டைக் கூரை) போடுவது புதிதாக ஒன்றைச் சேர்ப்பது. அதை அந்த வருட வாடகையிலிருந்து கழிக்க முடியாது. ஆனால் அந்தப் பில்லை எறிய வேண்டாம். விற்கும்போது வேலை வரும், அதைப் பிறகு எழுதுகிறேன்.

மருதமுனை பாஸ்

நான் மேசன் வேலை செய்கிறவன். வரி பற்றி எனக்குத் தெரியாது. தேய்வு பற்றித் தெரியும். கடலோரத்தில் கட்டடம் தேய்வது ஏட்டில் இல்லை, கம்பியில்.

டீச்சரின் வீடு கடற்கரைப் பக்கம், 2006இல் கட்டியது. அந்த வயதில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். விறாந்தைப் பீமின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கம்பி ஓடுகிற நேருக்கு மெல்லிய வெடிப்பு ஒன்று நீளமாகப் போயிருக்கும். அந்த வெடிப்பில் பழுப்புக் கறை கசிந்திருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் சத்தம் கெட்டியாக இருக்கும். கெட்ட இடத்தில் பொள்ளல் சத்தம் கேட்கும். துரு இரும்பைவிடப் பெருத்த இடம் பிடிக்கும், அதுதான் கொங்கிரீட்டைத் தள்ளி உடைக்கிறது. கழுவாத கடல் மணலிலோ உவர்க் கிணற்றுத் தண்ணீரிலோ குழைத்த வேலை என்றால் வெளியே இருந்து உப்புக்காற்று வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை.

ஆரம்பத்தில் பிடித்தால் அந்த இடத்தைக் கொத்தி, கம்பியைக் கம்பித் தூரிகையால் வெள்ளையாகும்வரை தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு அடித்து, திருத்தக் கலவையால் மூடலாம். கம்பி மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி கட்ட வேண்டும். மேலே பூசி பெயின்ட் அடித்து மறைத்தால் ஒரு மழைக்காலம் தாங்கும், அடுத்த மழைக்குப் பூச்சோடு விழும். குடியிருக்கிறவர்களின் பிள்ளைகள் அந்த விறாந்தையில்தான் விளையாடும்.

மேல்தளம் எடுக்கிற கதை இருக்கிறதே, அதற்கு முன்னால் ஓர் எஞ்சினியரைக் கூட்டி வந்து அத்திவாரத்தையும் தூண்களையும் பார்க்க வையுங்கள். ஓட்டுக் கூரைக்காகப் போட்ட அத்திவாரம் பிளேட்டையும் அதற்கு மேலே ஒரு வீட்டையும் தாங்கும் என்று யாரும் வாயால் சொல்ல முடியாது.

கல்லடி டீச்சர்

மிக்க நன்றி நானா. நீங்கள் சொன்ன வெடிப்பு விறாந்தைப் பீமில் இருக்கிறது. கறையும் இருக்கிறது. பெயின்ட் அடித்தால் போதும் என்று முன்பு வேலை செய்தவர் சொல்லியிருந்தார்.

ஐயா, அப்படியென்றால் 25 வீதம் என்று சட்டம் தருகிற 120,000ஐ நான் உண்மையிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும் போலிருக்கிறதே?

பேரேடு

அதைத்தான் செய்ய வேண்டும். சட்டம் அந்தத் தொகையைத் தேய்வு என்று ஏற்றுக்கொள்கிறது. நாங்கள் அதை இலாபம் என்று நினைத்துச் செலவழித்துவிடுகிறோம். மாதம் 10,000ஐ வேறு கணக்கில் போடுங்கள். பாஸ் சொல்கிற பீம் வேலைக்கு, பெயின்டுக்கு, மோட்டருக்கு, கிணறு இறைப்பதற்கு அதிலிருந்து எடுங்கள். கடற்கரை வீட்டின் பராமரிப்புக்கு அந்த 25 வீதம் ஒன்றும் பெரிய தொகை இல்லை.

நாவற்குடா

எல்லாரும் வரி வரி என்கிறீர்கள். மட்டக்களப்பில் வீட்டு வாடகையை யார் காட்டுகிறார்கள்? கையில் காசு வாங்குகிறோம், கையில் கொடுக்கிறோம். தேவையில்லாமல் ஏன் நாமே போய் மாட்டிக்கொள்ள வேண்டும்?

பேரேடு

தம்பி, கோபிக்காமல் கேளுங்கள். காசாக வாங்கும் வரை அப்படித் தோன்றும். நாளைக்கு ஒரு தொண்டு நிறுவனம் உங்கள் வீட்டை 150,000க்கு எடுக்க வந்தால்? மாதம் 100,000க்கு மேற்பட்ட வாடகையில் 10 வீதத்தைப் பிடித்து அவர்களே உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்ட வேண்டும். உங்களுக்கு 135,000 வரும், 15,000 உங்கள் வரி இலக்கத்தின் கீழே போகும். கணக்குக் காட்டினால்தான் அந்த 15,000ஐ உங்கள் வரியில் கழிக்கலாம். காட்டாவிட்டால் ஆண்டுக்கு 180,000 போனது போனதுதான்.

வங்கியில் லோன் கேட்கும்போதும், பிள்ளையின் வெளிநாட்டு விசாவுக்கும் வருமானத்துக்குச் சான்று கேட்பார்கள். வரி அறிக்கையில் இல்லாத வாடகையை அப்போது வருமானம் என்று காட்ட முடியாது. வீட்டை விற்கும் நாளில் இன்னும் மோசம்.

அறிக்கை கொடுக்க நவம்பர் 30 வரை நேரம் இருக்கிறது. ஒருவர் தவறிவிட்டால் அடுத்த வருடமாவது தொடங்கலாம். எங்கள் ஊர்ச் சனம் இதைப் பயமாகவே பார்க்கிறது, அது எனக்கு உண்மையில் கவலை. சட்டம் தருகிற சலுகையும் அதனால்தான் கையை விட்டுப் போகிறது.

களுவாஞ்சிக்குடி அம்மா

என் கேள்வி கொஞ்சம் வேறு. மகளுக்குச் சீதனமாக ஒரு வீடு கட்டி வைத்திருக்கிறோம். பிள்ளை இன்னும் கம்பஸில் படிக்கிறாள். உறுதியை அவள் பெயரில் எழுதிவிட்டோம். இப்போதைக்கு வாடகைக்கு விட்டு அந்தக் காசை அவள் அப்பா எடுக்கிறார். இது யாருடைய வருமானம்?

பேரேடு

அம்மா, எங்கள் பகுதியில் இதுதான் அதிகம் வரும் கேள்வி. உறுதியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சீவிய உரித்தை (உயிரோடு இருக்கும்வரை சொத்தை அனுபவிக்கும் உரிமையை) உங்களுக்கோ ஐயாவுக்கோ வைத்துக்கொண்டு எழுதியிருந்தால், வாடகையை அனுபவிக்கும் உரிமை உங்களுடையது. வருமானமும் உங்களுடையது. எதையும் வைக்காமல் முழுதாக மகளுக்கு எழுதியிருந்தால் வாடகை மகளுடையது. காசு ஐயாவின் கைக்கு வருவதால் அது மாறாது.

இது உங்களுக்குக் கெடுதலும் இல்லை. மகளுக்கு வேறு வருமானம் இல்லையென்றால் அவளுக்கும் 1,800,000 விலக்கு முழுதாக இருக்கிறது. 18 வயது தாண்டியிருப்பாள், அவள் பெயரில் வரி இலக்கம் எடுத்து, வாடகை ஒப்பந்தத்தையும் அவள் பெயரிலேயே எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னிலையில் எழுதினால்தான் சட்டப்படி நிற்கும். வாடகைக்காரரோடு பிரச்சினை வந்த பிறகு இதைத் தேடுகிறவர்கள் பலர்.

கல்லாறு மெல்பேர்ன்

எல்லாருக்கும் வணக்கம். பெரியகல்லாற்றுப் பிள்ளை, இப்போது மெல்பேர்னில் இருக்கிறேன். டீச்சரின் அக்கா சொன்னதைக் கொஞ்சம் விளக்குகிறேன், இங்கேயும் பலர் அரைகுறையாகச் சொல்லி அனுப்புகிறார்கள்.

இங்கே வாடகை வீட்டில் இரண்டு விதமான தேய்வு இருக்கிறது. ஒன்று கட்டடம். 1987 செப்டெம்பர் 15க்குப் பிறகு கட்டத் தொடங்கிய வீடு என்றால் கட்டிய செலவில் ஆண்டுக்கு 2.5 வீதம், 40 வருடத்துக்கு. கட்டிய செலவு 300,000 டொலர் என்றால் ஆண்டுக்கு 7,500. நிலத்துக்குக் கிடையாது. மற்றது கார்ப்பெட், ஏசி, அடுப்பு மாதிரிச் சாமான்கள். இதில்தான் சிக்கல். 2017 மே 9 இரவுக்குப் பிறகு பழைய வீடு வாங்கியவர், முந்தைய சொந்தக்காரர் விட்டுப்போன சாமான்களுக்குத் தேய்வு கேட்க முடியாது. தானே புதிதாக வாங்கிப் போட்டால் கேட்கலாம். கட்டிய செலவு தெரியாவிட்டால் கட்டடச் செலவை மதிப்பிடும் அளவைக் கணிப்பாளர் ஒருவருக்குக் காசு கொடுத்து அட்டவணை எடுப்போம்.

அக்கா சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கும். கழித்த அந்த 2.5 வீதங்கள் எல்லாம் விற்கும்போது வீட்டின் அடக்க விலையிலிருந்து (இலாபம் பார்க்கக் கழிக்கிற, வீட்டுக்குப் போட்ட தொகையிலிருந்து) குறையும். இலாபம் கூடிக் காட்டும். இன்று கிடைக்கிற சலுகையில் ஒரு பங்கு அன்று திரும்பிப் போகிறது.

இன்னொரு விஷயம், இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. எனக்குக் கல்லாற்றில் ஒரு வீடு இருக்கிறது, வாடகைக்கு விட்டிருக்கிறேன். அவுஸ்திரேலியாவில் வசிப்பதால் அந்த வாடகையையும் இங்கே காட்ட வேண்டும். வெளிநாட்டு வீடாக இருந்தாலும், 1990 ஓகஸ்ட் 21க்குப் பிறகு கட்டத் தொடங்கியது என்றால் இங்கத்தைய அறிக்கையில் அதற்கும் 2.5 வீதம் கேட்கலாம். இலங்கையில் கட்டிய வரியை இங்கே வரும் வரியில் கழிக்கவும் வழி உண்டு. அதற்கு ஊரில் வரி கட்டிய ரசீது வேண்டும். அதனால் ஊரில் வீட்டைப் பார்க்கிற உறவுகளே, மேசன் கூலி, சீமெந்து, கம்பி எல்லாவற்றுக்கும் திகதி போட்ட பில் எடுத்து வையுங்கள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைக்கு அது காசு.

ஒலுவில் போர்டிங்

நான் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். மாணவர்களுக்கு அறை அறையாக விட்டிருக்கிறேன். இப்போது பாசிக்குடாவில் நண்பர் ஒருவரோடு சேர்ந்து நாள் வாடகைக்கு விடுகிற வீடு ஒன்று போடலாமா என்று யோசனை. அதுவும் 25 வீதம்தானா?

பேரேடு

சாப்பாடு, துப்புரவு, வரவேற்பு என்று ஆட்களை வைத்து நாள் வாடகைக்கு நடத்தினால் அது வியாபாரம். அப்போது 25 வீதம் போய்விடும், உண்மையான தேய்வுக் கழிவு வரும். கட்டடத்துக்கு 20 வருடம், சமமாக. நிலத்தை விட்டுக் கட்டடம் மட்டும் 80 லட்சம் என்றால் ஆண்டுக்கு 400,000. கட்டில், ஏசி, பிரிட்ஜ் போன்றவற்றுக்கு 5 வருடம். அங்கே பில்தான் உயிர். எவ்வளவு காலம் ஆட்கள் வராமல் கிடக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பாசிக்குடாவில் வாடைக்காற்றுக் காலம் எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

வளவு வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அம்பாறைப் பக்கம் நிறையக் காணி, அரசு அனுமதிப்பத்திரத்திலோ அளிப்புப் பத்திரத்திலோ கொடுத்த காணி. பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் அதைக் கைமாற்ற முடியாது. விலை மலிவாக இருக்கிறதே என்று முற்பணம் கொடுக்காதீர்கள்.

விற்பது பற்றி எழுதுவதாகச் சொன்னேன். முதலீட்டுச் சொத்தை விற்றால் இலாபத்தில் தனிநபருக்கு 15 வீதம், 2025 ஏப்ரல் முதல். அதற்கு முன் 10. விற்று ஒரு மாதத்துக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். 2018இல் 60 லட்சத்துக்கு வாங்கி, 15 லட்சத்துக்கு மேல்தளம் கட்டி, 110 லட்சத்துக்கு விற்கிறீர்கள் என்று வைப்போம். மேல்தளத்துப் பில்கள் இருந்தால் இலாபம் 35 லட்சம், வரி 525,000. இல்லாவிட்டால் இலாபம் 50 லட்சம், வரி 750,000. ஒரு கோப்பு இல்லாததற்கு 225,000 ரூபாய். வாங்கியபோது கட்டிய முத்திரைத் தீர்வை, நொத்தாரிசுக் கூலி ரசீதுகளும் அந்தக் கோப்பில் இருக்கட்டும். ஆனால் வாடகையிலிருந்து ஏற்கெனவே கழித்த திருத்தச் செலவை இங்கே மறுபடி சேர்க்க முடியாது.

டீச்சரின் வீடு போல 2017 செப்டெம்பர் 30க்கு முன்னே கைக்கு வந்த சொத்துக்கு, அன்றைய சந்தைப் பெறுமதிதான் அடக்க விலை. மதிப்பீட்டாளரிடம் இப்போதே ஓர் அறிக்கை எடுத்து வைத்தால் விற்கும் அவசரத்தில் ஓட வேண்டாம்.

கல்லடி டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. மேல்தளக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். 45 லட்சம் செலவில் 30,000 வாடகை வந்தால் ஆண்டுக்கு 360,000. வரிக்கு வருவது 270,000. அதற்கு 16,200. வரி தடையாக இல்லை. அத்திவாரமும் பீமும்தான் தடை. கடலிலிருந்து 300 மீற்றருக்குள் இருப்பதால் கரையோரம் பேணல் திணைக்களத்திடமும் மாநகர சபையிடமும் அனுமதி எடுக்க வேண்டும் என்று இவர் விசாரித்து வந்தார்.

அதனால் முதலில் பீம் வேலை. அந்தச் செலவு 120,000ஐத் தாண்டினால் இந்த வருடம் உண்மைச் செலவு வழியில் காட்டுவேன், தாண்டாவிட்டால் 25 வீதம். கல்முனை வளவை இப்போதைக்கு விட்டுவிட்டோம். நானா, உங்கள் பக்கத்து ஆள் யாரையாவது அனுப்ப முடியுமா? குடியிருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மருதமுனை பாஸ்

நானே வருகிறேன் டீச்சர். மழை தொடங்குவதற்கு முன் கொத்தி முடிக்க வேண்டும், ஈரத்தில் கம்பிக்குப் பூச்சுப் பிடிக்காது. விறாந்தையில் பிள்ளைகளை விட வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கூலிக்கும் சாமானுக்கும் தனித்தனிப் பில் எழுதித் தருகிறேன்.